கருவியை எப்போது நம்புவது?

ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடையில் இருக்கும் பேரூர் பெரணமல்லூர். ஆரணிப் பட்டு என்ற பெயரில் விற்பனைக்கு வரும் சேலைகள் யாவும் ஆரணி நகருக்குள் நெய்யப்படுபவை அல்ல. சுற்றுவட்டாரத்து ஊர்களில், வீட்டுக் கூடத்தில் குழி தோண்டி அமைத்த தறிகளிலும் உருவாகி, ஆரணி வழியாக வெளியுலகுக்குப் போகின்றன. அத்தகைய வீடொன்றில் ஒரு முற்பகல் முழுவதும் தறியின் அருகில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. தறிக்குரியவர் நம் நண்பர் ஒருவருக்கு உறவினர். அவருடைய மகள் பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல்-கருவியியல் பிரிவில் இறுதியாண்டு மாணவி. மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை உறுதியாகியிருந்தது. வீட்டில் அதன் மகிழ்ச்சி நிறைந்திருந்தது.

பேசிக்கொண்டே நெய்துகொண்டிருந்தவர் சட்டென்று மிதியிலிருந்து காலை எடுத்தார். முந்தானைப் பூவின் ஓரத்தை விரல் நுனியால் தடவினார். நம் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. எழுந்து, தறியின் தலைக்கு மேலிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியை அண்ணாந்து பார்த்தார். ஒரு கொக்கியை நிமிர்த்தினார். நெய்த நான்கைந்து இழைகளைப் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி அமர்ந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"அட்டை சரியாத்தான் சார் இருக்கு. கொக்கி ஒண்ணு வளைஞ்சிப் போச்சி. அட்டைக்கு அது தெரியாதில்ல? அது பாட்டுக்குச் சுத்திக்கினே இருக்கும். நாமதான் பாத்து நிறுத்தணும்."

நாம் மகளின் பக்கம் திரும்பி, "உங்கள் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்குமே?" என்றோம். சற்று யோசித்தார். "ஓப்பன் லூப், சார். அப்பா வந்து பாத்தா குளோஸ்டு லூப்" என்றவர் தானே சிரித்துவிட்டார். "நாலு வருஷமா படிக்கிறேன். இந்தத் தறியோட சேத்து யோசிச்சதே இல்ல." ஆய்வகத்தில் அழுத்தத்தை அளந்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் ஒன்றைத் திறந்து பார்த்ததுண்டா என்று கேட்டோம். "ரெக்கார்டு நோட்டுல படம் வரைஞ்சிருக்கோம் சார்" என்றார்.

அந்தப் பெண்ணைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர் படிப்பில் கெட்டிக்காரர். ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு நிலைகொள்ளுமா, அலைபாயுமா என்பதைத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டக்கூடியவர். நான்காண்டுகள் அவருக்குக் கற்பித்த முறைதான் நமக்குக் கேள்வியாக நிற்கிறது. ஆலைகளின் கருவிகளையும் கட்டுப்பாட்டு அமைப்புகளையும் வடிவமைக்கும் பொறியாளருக்கு நாம் தரும் பயிற்சியில் மிக முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது என்று கருதுகிறோம். கருவி சொல்வதை எப்போது நம்புவது, எப்போது சந்தேகிப்பது என்ற விவேகமே அது. அந்த நெசவாளரிடம் அது இருக்கிறது. அவருடைய மகளின் பாடத்திட்டத்தில் அதற்கென ஒரு மணி நேரம்கூட இல்லை.

*

ஜக்கார்டு என்பது பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டு நெசவிலிருந்து வந்தது. ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-05 வாக்கில் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். அதன் இயக்கம் எளிது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி தன் இடத்திலேயே நின்று மேலெழும் கம்பியில் மாட்டிக்கொள்ளும், பாவு நூல் உயரும். துளை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகிவிடும், நூல் கீழேயே கிடக்கும். இப்படி அட்டை அட்டையாகப் பூ விரிகிறது. கணிப்பொறியின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லாரும் இந்தத் துளையட்டையைக் குறிப்பிடத் தவறுவதில்லை.

குறிப்பிடாமல் விடுவது ஒன்றுண்டு. அட்டை ஆணையிடுகிறது, ஆணை நிறைவேறியதா என்று அது பார்ப்பதில்லை. நூல் அறுந்தாலும் கொக்கி தேய்ந்தாலும் அடுத்த அட்டை தன் போக்கில் வந்துகொண்டேயிருக்கும். விளைவைக் கண்டு, நினைத்ததோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் நிறுத்தித் திருத்துவது தறியில் அமர்ந்திருப்பவரின் வேலை. பொறியியலில் இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். இன்று தமிழில் வாசகரின் எதிர்வினையைக் குறிக்க இச்சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். வெளியே வந்த விளைவின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே ஊட்டி, அடுத்த செயலைத் திருத்திக்கொள்வது என்பது அதன் தொழில்நுட்பப் பொருள். நெசவாளரின் விரல்நுனி செய்தது அதைத்தான். இப்போது பல தறிகளில் அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு வந்துவிட்டது. அதற்கும் பூவைப் பார்க்கும் கண் இல்லை.

தேர்ந்த கையைக் கூர்ந்து கவனிப்பதிலிருந்து கட்டுப்பாட்டியல் எதைப் பெற்றது என்பதற்கு அத்துறையின் வரலாற்றிலேயே ஓர் அழகான சான்று இருக்கிறது. இன்று உலகத்து ஆலைகளில் பெரும்பாலான கட்டுப்பாட்டுச் சுற்றுகளை நடத்துவது பி.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்கும் மூவகைச் செயல்முறை. அதன் கணிதத்தை முதன்முதலில் தெளிவாக வகுத்து 1922இல் கட்டுரை வெளியிட்டவர் நிகோலஸ் மினோர்ஸ்கி. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். கடற்படைக் கப்பலைத் தானாகத் திருப்பும் கருவியை உருவாக்க முனைந்த அவர், சுக்கான் பிடிக்கும் மாலுமிகள் என்ன செய்கிறார்கள் என்பதையே கவனித்தார். நல்ல மாலுமி, கப்பல் இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்துச் சுக்கானைத் திருப்புவதில்லை. எவ்வளவு நேரமாக அது ஒரே பக்கம் ஒதுங்கி வருகிறது என்பதையும், எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்தே முடிவெடுக்கிறான். நிகழ்ந்த பிழை, தேங்கிய பிழை, வரவிருக்கும் பிழை என்ற அந்த மூன்றையும் மினோர்ஸ்கி சமன்பாடாக எழுதினார்.

நம் பழந்தமிழில் கப்பல் செலுத்துபவனுக்கு மீகாமன் என்று பெயர். நார்பர்ட் வீனர் 1948இல் தம் நூலுக்குச் சூட்டிய 'சைபர்நெட்டிக்ஸ்' என்ற பெயரும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. ஆக, இந்தத் துறையின் பெயரிலேயே ஒரு தொழிலாளி நிற்கிறான். வகுப்பறையில் சமன்பாடு மட்டும் எஞ்சியிருக்கிறது. மாலுமியைக் காணோம்.

*

தமிழ்நாட்டுக்கு இத்துறை புதிதன்று. சி. ராஜம் என்னும் தொழிலதிபர் தம் இல்லத்தை விற்றுக் கிடைத்த தொகையைக் கொண்டு 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்று வழங்கப்படும் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் கட்டுமானம், இயந்திரம், மின்சாரம் ஆகியவையே பெரும்பாலும் கற்பிக்கப்பட்டன. எம்.ஐ.டி. எடுத்துக்கொண்டவை வேறு நான்கு: விமானப் பொறியியல், மோட்டார் வாகனப் பொறியியல், மின்னணுவியல், கருவித் தொழில்நுட்பம். அறிவியலில் பட்டம் பெற்று வந்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. அங்கே மின்னணுவியல் படித்த எஸ். ரங்கராஜனைத் தமிழ் வாசகர் சுஜாதாவாக அறிவர். விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாமை நாடே அறியும். கருவித் தொழில்நுட்பம் படித்தவர்களின் பெயர்கள் அவ்வளவாக வெளியே தெரியவில்லை. அது அத்தொழிலின் இயல்பும்கூட. கருவிகள் ஒழுங்காக இயங்கும் ஆலை செய்தித்தாளில் இடம்பெறுவதில்லை.

விடுதலைக்கு இரண்டாண்டுகள் கழித்து, ஆலைகள் அதிகம் இல்லாத ஒரு நாட்டில், அளக்கும் கருவிகளைப் பற்றி மட்டுமே ஒரு படிப்பு வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் உர ஆலைகளும் எழுந்தபோது அவற்றுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். 1978இல் எம்.ஐ.டி. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தனியார் கல்லூரிகள் பெருகிய காலத்தில் கருவியியல் பிரிவு மாவட்டந்தோறும் பரவியது. பெரணமல்லூரில் தறி நெய்பவரின் மகள் அதைப் படிக்க முடிகிறது என்பது சாதாரண முன்னேற்றம் அன்று. அதைக் குறைத்து மதிப்பிட நமக்கு விருப்பமில்லை.

ஆனால் பரவியபோது மெலிந்தும் போயிற்று. இப்போது கலந்தாய்வைக் கவனிப்பவர்கள், கணினி சார்ந்த பிரிவுகளில் இடங்கள் பெருகுவதையும், கருவியியல் போன்ற பிரிவுகள் சுருங்குவதையும், சில கல்லூரிகளில் மூடப்படுவதையும் காண்கிறார்கள். எஞ்சியிருக்கும் பிரிவுகளிலும் படித்து முடிப்பவர்களில் கணிசமானோர் மென்பொருள் பக்கம் போய்விடுகிறார்கள். சம்பளத்தைப் பார்த்துப் போகிறார்கள், அதில் தவறென்ன? தறி நெய்து கல்லூரிக் கட்டணம் கட்டிய வீட்டுக்கு முதலில் கடன் தீர வேண்டும். நம் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. 'எப்படியும் மென்பொருளுக்குத்தானே போகப் போகிறார்கள்' என்ற எண்ணம் கற்பிப்பவர்களிடம் குடிகொண்டுவிட்டால், ஆலைக்குப் போகிற அந்தச் சிலரும் கருவியைத் தொடாமலே போகிறார்கள். அப்படிப் போகிறவர்களின் கையில்தான் நச்சு வாயுவும் கொதிகலனும் ஒப்படைக்கப்படுகின்றன.

*

கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைப்பது என்றால் என்ன என்பதைத் துறைக்கு வெளியிலிருக்கும் வாசகருக்குச் சில எடுத்துக்காட்டுகளால் சொல்லிப் பார்க்கலாம்.

ஒரு தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அங்கிருக்கும் கருவி அளந்து, கம்பி வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. தொட்டி நிறைந்திருந்தால் 20 மில்லியாம்பியர். தொட்டி காலியாக இருந்தால் சுழியம் அனுப்பலாமே என்று தோன்றும். அப்படிச் செய்வதில்லை. 4 மில்லியாம்பியர் அனுப்புகிறார்கள். ஏனென்றால் கம்பி அறுந்தாலும் சுழியம்தான் வரும். 'தொட்டி காலி' என்று கருவி சொல்வதும், கருவி எதையும் சொல்ல முடியாமல் போவதும் ஒன்றாகத் தோன்றிவிடக் கூடாது. சுழியம் வேறு, மௌனம் வேறு. இந்த நான்கு மில்லியாம்பியருக்குள் ஒரு தலைமுறைப் பொறியாளர்களின் அனுபவம் அடங்கியிருக்கிறது. மாணவர்கள் '4-20' என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு கம்பியைத் தாமே அறுத்துப் பார்த்து, திரையில் என்ன நிகழ்கிறது என்று கண்டவர் எத்தனை பேர்?

இன்னொன்று. ஆலையில் வால்வுகளை இயக்கும் அழுத்தக் காற்று நின்றுவிட்டால் ஒவ்வொரு வால்வும் எந்த நிலைக்குப் போக வேண்டும்? எரிபொருள் வால்வு மூடிக்கொள்ள வேண்டும், குளிர்நீர் வால்வு திறந்துகொள்ள வேண்டும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு வால்வுக்கும் அந்த இடத்தின் இயல்பை அறிந்து தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். இதற்கு எந்தச் சூத்திரமும் இல்லை. ஆலையைக் கற்பனையில் நடத்திப் பார்க்கத் தெரிந்தவரே இதற்கு விடை சொல்ல முடியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கருவியியலின் அடிப்படை அதுதான். ஆனால் கருவிப் பொறியாளர் அப்பழமொழியைக் கேட்டதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ஒரு சோற்றைப் பானையின் எந்த இடத்திலிருந்து எடுத்தீர்கள்? கிளறிவிட்டு எடுத்தீர்களா? அடியில் குழைந்தும் மேலே நறுக்கரிசியாகவும் இருக்கிற பானையில் ஒரு சோறு பொய்தான் சொல்லும். வெப்பமானியைக் குழாயின் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பது இதே கேள்விதான். நம் பாட்டிகளுக்குத் தெரிந்திருந்த இந்தக் கேள்வி நம் வினாத்தாள்களில் வருவதில்லை.

*

இந்த விவேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு துயரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று கருவியை நம்பியதால் நேர்ந்தது, மற்றது கருவியை நம்ப முடியாமல் போனதால் நேர்ந்தது.

2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியில், பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், 170 அடி உயரமுள்ள ஒரு கோபுரத்தைப் பராமரிப்புக்குப் பிறகு மீண்டும் இயக்கத் தொடங்கினார்கள். அதன் திரவ மட்டத்தைக் காட்டும் கருவி அடிப்பகுதியின் சில அடிகளை மட்டுமே அளக்கக்கூடியது. அதுவும் பழைய தரவுத்தாள் ஒன்றின்படி தவறாக அளவுதிருத்தம் செய்யப்பட்டிருந்தது. திரவம் அந்த எல்லையைக் கடந்து மேலே ஏறிக்கொண்டே போயிற்று. கருவியோ முழுக்க மூழ்கிவிட்ட நிலையில், சூடேறி அடர்த்தி குறைந்துவந்த திரவத்தை மட்டம் இறங்குவதாகவே காட்டியது. உள்ளே 158 அடி இருந்தபோது அது காட்டியது 7.9 அடி. உயர்மட்ட எச்சரிக்கைக் கருவி ஒன்று தனியாக இருந்தது. அது ஒலிக்கவில்லை. கண்ணால் மட்டம் பார்க்க வைத்திருந்த கண்ணாடிக் குழாயும் பயன்படும் நிலையில் இல்லை. திரவம் பொங்கி வழிந்து தீப்பற்றியது. 15 பேர் இறந்தார்கள், சுமார் 180 பேர் காயமுற்றார்கள். கோபுரத்துக்குள் எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வகையில் திரை வடிவமைக்கப்பட்டிருந்தால், உள்ளே போனது எங்கே என்ற எளிய கேள்வி யாருக்கேனும் எழுந்திருக்கும்.

மற்றது நம்முடையது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபாலில் யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் அழுத்தம் ஏறியது. அழுத்தமானி அதைக் காட்டவும் செய்தது. ஆனால் அந்த ஆலையின் கருவிகள் நெடுநாளாகவே சரியாக இயங்காதவை என்று அங்கிருந்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால் அந்த ஏற்றம் தொடக்கத்தில் எவரையும் திடுக்கிட வைக்கவில்லை. பலமுறை பொய் சொன்ன கருவி உண்மை சொன்ன அன்று அதைக் கேட்க ஆளில்லை. போபாலுக்குக் காரணங்கள் பல. குளிர்விக்கும் அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரித்தழிக்கும் கோபுரம் இயங்கும் நிலையில் இல்லை, செலவுக் குறைப்பு எங்கும் நிலவியது. கருவியின் மேல் தலைமுறையாகச் சேர வேண்டிய நம்பிக்கை செத்துப்போயிருந்ததும் அவற்றுள் ஒன்று.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, 'கருவியை நம்பு' என்றோ 'கருவியை நம்பாதே' என்றோ ஒரு விதியாகச் சொல்லிவிட முடியாது என்பது தெளிவாகும். நம்புவதற்குரியதாகக் கருவியைப் பேணுவதும், பேணிய பிறகும் மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரே பண்பின் இரு பக்கங்கள். இப்பண்பு சொற்பொழிவால் வராது. பொய் சொல்லும் கருவி ஒன்றோடு ஒரு நாளாவது போராடியிருக்க வேண்டும்.

*

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நாம் அறிவோம். முதலாவது பணம். ஆலைத்தரத்துக் கருவிகள் விலை மிகுந்தவை, ஆகவே கணினித் திரையில் ஒப்புருவாக்கம் செய்து காட்டினால் போதும் என்பார்கள். ஒப்புருவாக்கம் பயனுள்ளதுதான். ஆனால் திரையில் இருக்கும் கருவி துருப்பிடிப்பதில்லை. அழுத்தத்தைக் கருவிக்குக் கொண்டுவரும் சிறு குழாய் அடைத்துக்கொண்டால் கருவி நேற்றைய அளவையே இன்றும் காட்டிக்கொண்டிருக்கும் என்பதைத் திரை கற்றுத்தராது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சிறு பம்பு, ஒரு வால்வு, பழைய டிரான்ஸ்மிட்டர் ஒன்று இருந்தால் இவற்றைக் கற்பிக்கலாம். மணலியிலும் இராணிப்பேட்டையிலும் நெய்வேலியிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற கருவித் தொழில்நுட்பர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். முனைவர் பட்டம் இல்லை என்பதற்காக அவர்களைக் கல்லூரி வாசலுக்குள் நாம் அழைப்பதில்லை.

இரண்டாவது, 'கருவிகளை எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள் செய்கின்றன, நாம் வாங்கிப் பொருத்துபவர்கள்தாமே' என்பது. இது நேர்ந்த கதையை இராஜஸ்தானின் கோட்டா நகரம் சொல்லும். அனல்மின் நிலையங்களுக்கும் மற்ற ஆலைகளுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்வதற்காக இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் 1964இல் அங்கே நிறுவப்பட்டது. அதன் கோட்டா ஆலையை மூட மத்திய அமைச்சரவை 2016இல் ஒப்புதல் தந்தது. இடைப்பட்ட காலத்தில் கோட்டா நாடறிந்த ஊராகிவிட்டது, பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி நிலையங்களால். பொறியியல் செய்துகொண்டிருந்த ஊர், பொறியியலுக்குள் நுழைவதை விற்கும் ஊராயிற்று. இதைவிடத் தெளிவாக நம் நிலையைச் சொல்ல ஓர் உருவகத்தைக் கதாசிரியர்களாலும் புனைய முடியாது. ஆனால் வாங்கிப் பொருத்துவதற்கும் விவேகம் வேண்டும் என்பதே நம் விடை. டெக்சாஸ் சிட்டியில் கருவி கெட்ட கருவியாக இருக்கவில்லை. அந்த இடத்துக்கு அது போதாது என்பதே சிக்கல்.

மூன்றாவது, நம் வாசகர்களுக்கு நெருக்கமானது: மொழி. போபால் ஆலையின் எச்சரிக்கைகளும் கையேடுகளும் ஆங்கிலத்தில் இருந்தன, தொழிலாளர் பலருக்கு இந்திதான் தெரியும் என்பது அப்போதே எழுதப்பட்டது. நம் ஆலைகளில் இரவுப் பணியில் திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் செய்யாற்றிலோ பெரணமல்லூரிலோ இருந்து வந்த இளைஞர். அபாய ஒலி எழும்போது திரையில் ஒளிரும் சுருக்கெழுத்து ஆங்கிலம் அவருக்கு ஒரு நொடியில் பொருள்பட வேண்டும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானம், இயந்திரவியல் ஆகிய இரு பிரிவுகளில் தமிழ்வழி வகுப்புகளைத் தொடங்கியது. கருவியியல் அதில் இடம்பெறவில்லை. பாடம் முழுவதையும் உடனே தமிழாக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. ஆலையை இயக்குபவருக்கு அவர் மொழியில் ஓர் எச்சரிக்கை வாசகத்தைப் பிழையின்றி, குழப்பமின்றி, ஐந்து சொற்களுக்குள் எழுதுவது வடிவமைப்பாளரின் வேலை என்று கற்பிக்க வேண்டும். கவிஞர்கள் உதவக்கூடிய ஒரே பொறியியல் பணி இதுவாக இருக்கலாம்.

*

ஆகவே சிலவற்றை முன்வைக்கிறோம். கல்லூரிகள் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் இவற்றைத் தொடங்கலாம்.

ஒவ்வொரு மாணவருக்கும் பருவத்துக்கு ஒரு முறையேனும் கெட்டுப்போன கருவி ஒன்றைக் கொடுங்கள். ஆசிரியரே குழாயை அடைத்து வைக்கட்டும், அளவைத் திரித்து வைக்கட்டும், கம்பியைத் தளர்த்தி வைக்கட்டும். எது பொய் சொல்கிறது என்று மாணவர் கண்டுபிடிக்கட்டும். மதிப்பெண் அதற்கு இருக்கட்டும்.

ஒரே ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு, அதன் குழாய்களையும் கருவிகளையும் காட்டும் வரைபடம் முதல் கருவிப் பட்டியல், கம்பி இணைப்புப் படம், எது நேர்ந்தால் எது நிற்க வேண்டும் என்னும் அட்டவணை வரை எல்லா ஆவணங்களையும் மாணவரே தயாரிக்கட்டும். வடிவமைப்பு என்பது பெரும்பாலும் இந்த ஆவணங்கள்தாம். தேர்வில் அவை இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிக் கிடக்கின்றன.

ஹசாப் என்றொரு முறை இருக்கிறது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் 1960களில் உருவானது. அதற்குக் கருவியே தேவையில்லை, சொற்கள் போதும். வரைபடத்தின் ஒவ்வொரு குழாயையும் சுட்டி, 'இல்லை', 'அதிகம்', 'குறைவு', 'எதிர்த்திசை' என்ற சொற்களை ஒவ்வொன்றாக வைத்து, அப்படியானால் என்ன ஆகும் என்று குழுவாக அமர்ந்து கேட்பது. நீர் வராவிட்டால்? அதிகமாக வந்தால்? திரும்பி ஓடினால்? இதைத் தமிழிலேயே நடத்தலாம். செலவு ஒரு கரும்பலகை.

பருவத்துக்கு ஒரு விபத்து அறிக்கையை முழுமையாக, நாவலைப் படிப்பதுபோலப் படிக்கச் செய்யுங்கள். டெக்சாஸ் சிட்டி அறிக்கை பொதுவெளியில் கிடைக்கிறது. மனிதர்கள் எந்தக் கணத்தில் எதைப் பார்த்தார்கள், எதை நம்பினார்கள் என்று மணிக்கணக்கோடு அதில் இருக்கிறது. நல்ல இலக்கியம் செய்யும் வேலையை, அதாவது மற்றவரின் இடத்தில் நம்மை அமர்த்திப் பார்க்கும் வேலையை, அது செய்யும்.

கடைசியாக, ஒரு வாரமேனும் தேர்ந்த கையொன்றின் அருகே மாணவரை அமரவையுங்கள். பெரணமல்லூருக்குப் பக்கத்திலேயே செய்யாறு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரைப் பாகு படிகமாகும் பக்குவத்தை, ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து ஒளியில் பார்த்தே சொல்லிவிடும் தொழிலாளர்களைப் பெற்றது அத்தொழில். வெல்லம் காய்ச்சுபவர் இருக்கிறார். தறி நெய்பவர் இருக்கிறார். அவர் எதைப் பார்க்கிறார், எப்போது நிறுத்துகிறார், ஏன் நிறுத்துகிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மினோர்ஸ்கி செய்தது அதற்குக் குறைந்ததும் அல்ல, கூடியதும் அல்ல. வீட்டில் தறி உள்ள மாணவருக்கு இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. தன் தந்தைக்குத் தெரிந்ததும் தான் படிப்பதும் வேறு வேறு உலகங்கள் என்று நினைத்துக்கொண்டு கூச்சத்தோடு அவர் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை.

நாம் புறப்படும்போது அந்த நெசவாளர் ஜக்கார்டுப் பெட்டியைக் காட்டி, "இந்தப் படிப்பு படிச்சா இத ரிப்பேர் பண்ணத் தெரியுமா சார்?" என்று நம்மிடம் கேட்டார். நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மகள்தான் பதில் சொன்னார்.

"தெரியணும்பா. எங்களுக்குத் தொறந்து காட்டல."